வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தார்கள்: அக்காவின் குடல் அடைப்பும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

இரண்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன், இரண்டின் பெயரையும் போடவில்லை. முதல் இடத்தில் யாரையும் மாட்டிவிடும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டாவது இடத்தின் பெயரைச் சொன்னால் முதல் இடம் எதுவென்று தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் முதல் இடத்துக்கு 5க்கு 1, இரண்டாவதுக்கு 5க்கு 4. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பரவாயில்லை, வயிற்றுவலியோடு அலைகிற யாருக்காவது இதில் ஒரு வரி பயன்பட்டால் போதும்.

அக்காவுக்கு வயது 44. வயிற்றில் இதுவரை எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஆறு மாதமாக ஒரு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும், சில சமயம் ஒரு வாந்தி வரும், அப்புறம் சொல்லிவைத்த மாதிரி நின்றுவிடும். நின்ற பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி மென்மையாக இருக்கும். எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். முதலில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தது, பிறகு வாரம் ஒருமுறை, கடைசி மாதத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஐந்து கிலோ எடை குறைந்தது. சாப்பிட்டால் வலி வருமோ என்ற பயத்திலேயே சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், அது எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

முதல் இடத்துக்கு மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் வலி நின்ற பிறகுதான் டாக்டரின் அறைக்குள் நுழைந்தோம், அது எங்கள் தவறில்லை, முன்பதிவு அன்றைக்குத்தான் கிடைத்தது. முதல் தடவை அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். இரண்டாவது தடவை வாய்வழியாக எண்டோஸ்கோப்பி செய்தார்கள், இரைப்பையில் லேசான புண் மாதிரி இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது தடவை ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. மாதவிடாயில் அதிகமாகப் போகிறதா என்று கேட்டார்கள், அக்கா இல்லை என்றாள், ஆனாலும் அதுதான் காரணமாக இருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, டென்ஷன்ல குடல் இப்படித்தான் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று தடவையில் ஒரு தடவைகூட யாரும் அவளைப் படுக்கவைத்து வயிற்றை முழுதாகத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்.

நான் கோபத்தில் எழுதுவதாகத் தோன்றலாம். கொஞ்சம் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்த நோய் எப்படி ஒளிந்துகொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டபோது முதல் இடத்து டாக்டர்களின் நிலையும் ஓரளவு புரிந்தது. அக்காவுக்கு இருந்தது குடல் செருகல். குடலின் ஒரு பகுதி அதற்கு அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. பச்சைக் குழந்தைகளுக்கு வருகிற நோயாகத்தான் எல்லா டாக்டரும் இதைப் படித்திருப்பார்கள். குடல் செருகல் வருகிற நூறு பேரில் சுமார் ஐந்து பேர்தான் பெரியவர்கள். பெரியவர்களுக்கு வருகிற குடல் அடைப்புகளை எடுத்துக்கொண்டாலும் நூற்றில் ஒன்று முதல் ஐந்து வரைதான் செருகலால் வருவது. அதோடு பெரியவர்களுக்கு இது பாதி நேரம் செருகி, பாதி நேரம் தானாகவே விலகிவிடும். விலகியிருக்கும் நேரத்தில் பரிசோதனை செய்தால் பல சமயம் நார்மல் என்றே வரும். வலி இல்லாத நாளில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை. எண்டோஸ்கோப்பிக் குழாய் சிறுகுடலின் ஆரம்பத்தோடு நின்றுவிடும், பிரச்சினை அதற்கு வெகுதூரம் கீழே இருந்தது. ஆனால் அந்த 9.2? காரணம் தெரியாத ரத்தசோகையும், வந்து போகும் வலியும், எடை குறைவும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால் யாராவது ஒருவர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு நட்சத்திரம்.

நான்காவது முறை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. இந்தத் தடவை வலி போகவில்லை. அலை அலையாக வந்தது, இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஓயும், மறுபடி ஏறும். பத்தரைக்குள் நான்கு வாந்தி, முதலில் சாப்பிட்டது, அப்புறம் மஞ்சள், அப்புறம் கரும்பச்சை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. பக்கத்தில் என்பதால் மாமா முதல் இடத்துக்கே வண்டியை விட்டார். அங்கே இருந்த டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு மோஷன் போனீங்களா?" அக்கா காலையில் போனதாகச் சொன்னாள். "அப்போ அடைப்பெல்லாம் இருக்காது" என்று வலிக்கு ஒரு ஊசி போட்டு, மலம் இளக ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மலம் போனது மாலையில் அடைப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அடைத்த இடத்துக்குக் கீழே ஏற்கனவே இருப்பது ஒன்றிரண்டு தடவை வெளியே வரத்தான் செய்யும். சில பேருக்குத் தண்ணீர் மாதிரிகூடப் போகும். மலத்தைவிடக் காற்று பிரிகிறதா என்பதைக் கேட்க வேண்டும், அது நின்று பல மணி நேரம் ஆகி, வாந்தியும் உப்பசமும் சேர்ந்திருந்தால் விஷயம் வேறு. இன்னொன்று, அடைப்பு இருக்குமோ என்று சந்தேகம் இருக்கும்போது பேதி மருந்தும், குடலைத் தூண்டும் வாந்தி மருந்தும் கொடுப்பது ஆபத்து. மூடிய கதவின்மேல் இன்னும் வேகமாக முட்டச் சொல்வது மாதிரி. நல்லவேளை, அக்கா அந்த மருந்தைக் குடிக்கவே இல்லை. அதற்குள் ஐந்தாவது வாந்தி வந்துவிட்டது.

நேராக இரண்டாவது இடத்துக்குப் போனோம். அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கேஷுவாலிட்டியில் இருந்தது ஒரு இளம் டாக்டர், அறுவைசிகிச்சைப் படிப்பில் இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "இப்போ வலிக்குதாம்மா?" வலிக்கிறது என்றதும் உட்காரவைத்துப் பேசவில்லை, படுக்கவைத்துத் துணியை விலக்கி முழு வயிற்றையும் பார்த்தார். பழைய தையல் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு தொடை இடுக்குகளையும் தொட்டுப் பார்த்தார். குடலிறக்கம் அங்கே ஒளிந்திருக்கும், அதைப் பார்க்காமல் அடைப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவரே விளக்கினார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். வலி ஏறும் நேரத்தில் தொப்புளுக்கு வலது பக்கம் கையை வைத்தபடி அப்படியே நின்றார், கை எடுக்காமல் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். "இங்கே ஏதோ உருளையா வந்து போகுது" என்று நர்ஸிடம் சொன்னார்.

பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் நார்மல் என்று நான் சொன்னதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நார்மலா இருந்தப்போ எடுத்தது நார்மலாத்தான் இருக்கும். இப்போ வலி இருக்கு, வலி இருக்கும்போதே எடுத்துடலாம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான்கு நட்சத்திரமும் கொடுப்பேன்.

ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தார்கள், பரபரப்பே இல்லாமல். கையில் இரண்டு இடத்தில் ஊசி ஏற்றி டிரிப்ஸ் ஓடவிட்டார்கள். அடைப்பில் உடம்பு நிறையத் தண்ணீரையும் உப்புச்சத்தையும் இழக்கும், வாந்தியில் போவது மட்டும் இல்லை, உப்பிய குடலுக்குள்ளேயே லிட்டர் கணக்கில் தேங்கிவிடும், வெளியே தெரியாது. சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதி வைத்தார்கள். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், உறுப்புக்கு ரத்தம் போதாமல் போனால் ஏறும் லாக்டேட் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் மூக்கு வழியாக இரைப்பை வரை போகும் ரைல்ஸ் டியூப். அதுதான் அக்காவுக்கு எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது, ஆபரேஷனைவிட. போடும்போது தொண்டை குமட்டும், கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆனால் போட்டு ஐந்து நிமிடத்தில் ஒன்றேகால் லிட்டர் பச்சைத் திரவம் பையில் இறங்கியது, வயிறு கண்ணெதிரே தளர்ந்தது. வாந்தி நின்றது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடாமல் காப்பாற்றுவதும் அந்தக் குழாய்தான். யாருக்காவது போடச் சொன்னால் மறுக்காதீர்கள், முழுங்கச் சொல்லும்போது முழுங்குங்கள், தலையைப் பின்னால் சாய்க்காமல் முகவாயை மார்புப் பக்கம் தாழ்த்துங்கள், சுலபமாக இறங்கும்.

எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், நிற்கவைத்து. ஏணிப்படி மாதிரி வரிசையாக நீரும் காற்றும் பிரிந்து நிற்கும் கோடுகள் தெரிந்தன. சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் சந்தேகம், பெருங்குடல் 6, பெருங்குடலின் தொடக்கப் பை 9 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அக்காவின் சிறுகுடல் 4க்கு மேல். ஆனால் எக்ஸ்ரே அடைப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. அதற்கு சிடி ஸ்கேன்தான் வேண்டும். படம் தெளிவாக விழுவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பு வழியாகக் கொடுத்து எடுத்தார்கள். ஸ்கேனுக்கு முன்னால் மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்களே, அது வேண்டாமா என்று நான் கேட்டேன். அடைப்பு இந்த அளவுக்கு இருக்கும்போது குடலில் தேங்கிய நீரே போதும், குடிக்கவைத்தால் வாந்திதான் வரும், நேரமும் வீணாகும் என்றார்கள்.

நாங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து ஸ்கேன் படம் திரையில் வந்தது வரை ஒரு மணி நேரம் பத்து நிமிடம். ஆறு மாதம் தேடியது, எழுபது நிமிடம்.

அந்தப் படத்தை எனக்கும் காட்டினார்கள். சிறுகுடலின் கீழ்ப்பாதியில் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், குறிபார்த்துச் சுடுகிற பலகை மாதிரி. பக்கவாட்டில் பார்த்தால் உருண்டு நீண்டு தெரிந்தது. நடுவில் கருப்பாக ஒரு கட்டி. அந்தக் கருப்புதான் முக்கியம் என்று ரேடியாலஜி டாக்டர் சொன்னார், கொழுப்பு சிடியில் அந்த நிறத்தில்தான் விழும், அதனால் அது கொழுப்புக் கட்டி, லிபோமா, புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தைகள் எப்படி இருந்தன என்று எழுதத் தெரியவில்லை.

பெரிய சர்ஜன் இரண்டு மணிக்கு வந்தார். ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார், ஆஸ்பத்திரி விமரிசனம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் குறிப்பிட மாட்டார்கள், நான் குறிப்பிடுகிறேன், அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முழுக்கைச் சட்டையின் கையை உள்பக்கமாகத் தள்ளினால் துணி துணிக்குள் போகுமே, அது மாதிரி. குடல் சுவரில் ஒரு கட்டி உள்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. குடலுக்கு அது கட்டி என்று தெரியாது, சாப்பாடு என்று நினைத்துக் கீழே தள்ளப் பார்க்கிறது. கட்டி சுவரோடு ஒட்டியிருப்பதால் சுவரும் கூடவே இழுபட்டுப் போகிறது. சுவரோடு சேர்ந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும் உள்ளே இழுபடுகின்றன. முதலில் ரத்தம் திரும்பும் வழி நெரிகிறது, அதனால் வீக்கம், வீக்கத்தால் இன்னும் நெரிசல், கடைசியில் ரத்தம் வருவதும் நின்றால் அந்தத் துண்டு அழுகிவிடும். அதற்கு முன்னால் போக வேண்டும்.

லாக்டேட் நார்மலாக இருக்கிறதே, காலை வரை பார்க்கலாமா என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். லாக்டேட் ஏறினால் பயப்பட வேண்டும், ஏறவில்லை என்பதற்காகத் தைரியமாக இருக்க முடியாது, சில சமயம் குடல் கெட்ட பிறகுதான் அது ஏறும் என்று சர்ஜன் பொறுமையாகச் சொன்னார். வலி அலையாக வருவது நின்று ஒரேயடியாக இருக்க ஆரம்பித்தால், காய்ச்சல் வந்தால், நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனால், வயிறு பலகை மாதிரி இறுகினால், அதெல்லாம் தாமதமாகிவிட்டதற்கு அடையாளம், அதுவரை காத்திருப்பது அவர் வழக்கமில்லை என்றார்.

குழந்தைகளுக்குப் பின்வழியாகக் காற்று செலுத்திச் சரிசெய்துவிடுவார்களே என்று போனில் பெரியம்மா கேட்கச் சொன்னார், கேட்டேன். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கட்டி எதுவும் இருக்காது, செருகியதை விலக்கிவிட்டால் வேலை முடிந்தது. பெரியவர்களுக்குப் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு உள்ளே ஏதாவது ஒரு காரணம் இருக்கும், லிபோமா, பாலிப், பிறவியிலேயே வரும் மெக்கல் பை, சில பேருக்குப் புற்றுநோய். விலக்கினாலும் காரணம் அப்படியே இருக்கும், மறுபடி செருகும். சிறுகுடலில் என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், பெருங்குடலில் என்றால் பாதிக்குப் பாதி அல்லது அதற்கும் மேல் புற்றுநோய். அதனால் பெருங்குடல் செருகலை ஆபரேஷனில் விலக்கிப் பார்க்காமல் அப்படியே மொத்தமாக வெட்டி எடுப்பார்கள், கெட்ட செல்கள் சிதறிவிடக் கூடாது என்பதற்காக. சிறுகுடலில், கட்டி சாதாரணமானது என்று ஸ்கேன் சொல்லி, குடலும் உயிரோடு இருந்தால், மெதுவாக விலக்கிவிட்டுக் கட்டியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டலாம், குடல் அதிகம் மிஞ்சும். விலக்குவது என்றால் இழுப்பது இல்லை, கீழிருந்து பிதுக்கி மேலே தள்ளுவது. இழுத்தால் கிழியும்.

1674இலேயே ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பார்பெட் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்து, 1871இல்தான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய சர்ஜன் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தார். நோய் என்னவென்று தெரிந்தும், பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த இருநூறு வருடத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதிகாலை நான்கு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பிப்போம், குடல் ரொம்ப உப்பியிருந்தால் வேலை செய்ய இடம் கிடைக்காது, அப்போது திறந்துவிடுவோம், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திறக்க வேண்டிவரவில்லை. கேமராவில் பார்த்து, குடல் நிறம் நன்றாக இருந்ததால் விலக்கி, தொப்புள் அருகே சின்னதாகக் கீறி அந்த வளைவை வெளியே எடுத்து, 18 சென்டிமீட்டர் வெட்டி, ஸ்டேப்ளரால் சேர்த்து உள்ளே வைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. வெட்டிய துண்டை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்கள், 4 சென்டிமீட்டரில் மஞ்சளாக ஒரு கட்டி, அதன் உச்சியில் நாணயம் அளவுக்குப் புண். இந்தப் புண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் போயிருக்கிறது, அதுதான் உங்கள் 9.2 என்றார் சர்ஜன்.

இப்போது குறையாகத் தோன்றியவை. ஒப்புதல் படிவத்தை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் நீட்டினார்கள். இரண்டு மணிக்கே முடிவாகிவிட்டது, அப்போதே கொடுத்திருந்தால் நிதானமாகப் படித்திருப்போம். மாமாவின் கை நடுங்கியது, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்கவே இல்லை. குடலை வெளியே எடுத்துப் பை பொருத்தும் நிலை வரலாம் என்று அதில் ஒரு வரி இருந்ததை மறுநாள்தான் கவனித்தோம், அதை வாயால் யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்கு எங்களிடம் யாரும் வந்து பேசவில்லை, கிண்ணத்தைக் கொண்டுவந்தபோதுதான் உயிரோடு இருக்கிறாள் என்றே தெரிந்தது. வார்டில் பகல் நர்ஸுகள் அருமை, ராத்திரியில் முப்பது நோயாளிக்கு இரண்டு பேர், மணியடித்தால் இருபது நிமிடம் ஆகும், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆட்கள் போதவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க மருத்துவச் சொற்கள், எதைச் சாப்பிடலாம், எப்போது எடை தூக்கலாம் என்று ஒரு வரி இல்லை. கேட்ட பிறகு தனியாக எழுதிக் கொடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட் பதினோரு நாள் ஆனது, வந்ததும் கூப்பிடுவோம் என்றார்கள், கூப்பிடவில்லை, நாங்கள்தான் நான்கு தடவை போன் செய்தோம். லிபோமா என்று முன்பே சொல்லியிருந்தாலும், தாளில் பார்க்கும்வரை தூக்கம் வராது என்று அவர்களுக்குத் தெரியாதா? குறைந்த நட்சத்திரம் இதற்காகத்தான்.

வார்டில் இருந்த ஆறு நாளும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையே எழுப்பி நடக்கவைத்தார்கள், அக்கா அழுதாள், ஆனாலும் நடக்கவைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் தொப்புள் பக்கம் ஒரு ஊசி. இரண்டாம் நாள் ரைல்ஸ் டியூபை எடுத்தார்கள், மூன்றாம் நாள் காற்று பிரிந்தது, அந்தச் சத்தத்துக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், பக்கத்துக் கட்டில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் குடல் அடைப்புதான், ஆனால் அவருக்கு ஆபரேஷனே செய்யவில்லை. முதலில் எனக்கு அது புரியவில்லை, ஏன் இவருக்கு மட்டும் காத்திருக்கிறார்கள் என்று. அவருக்கு முன்பு கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள், அந்தத் தழும்பால் உள்ளே குடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு வருகிற சிறுகுடல் அடைப்பில் பாதிக்கு மேல் இந்த ஒட்டுதலால் வருவதுதான். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு மூன்று நாள்வரை பார்ப்பார்கள், பெரும்பாலும் தானாகத் திறந்துகொள்ளும். டியூப் வழியாக கேஸ்ட்ரோகிராஃபின் என்ற, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திவிட்டு மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து பெருங்குடலுக்கு வந்துசேர்ந்துவிட்டது, அப்படியென்றால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது என்று அர்த்தமாம். நான்காம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரே வார்டில், ஒரே நோயின் பெயரில், ஒருவருக்குக் கத்தி, ஒருவருக்குக் காத்திருப்பு. இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்த்த இடம் என்பதால்தான் அவர்கள்மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை.

வயிற்றில் தழும்பும் இல்லை, குடலிறக்கமும் இல்லை, ஆனால் அடைப்பு இருக்கிறது என்றால்தான் அபூர்வமான காரணங்களைத் தேட வேண்டும் என்று அந்த இளம் டாக்டர் ஒரு நாள் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெலிந்த வயதான பெண்களுக்கு இடுப்பெலும்பில் இருக்கும் ஒரு துளைக்குள் குடல் போய் மாட்டிக்கொள்ளும், அவர்களுக்குத் தொடையின் உள்பக்கம் வலிக்கும், மூட்டுவலி என்று நினைத்துவிடுவார்கள். பித்தப்பைக் கல் ஒன்று குடலுக்குள் அரித்துக்கொண்டு விழுந்து, கீழே வந்து அடைத்துக்கொள்ளும். எடை குறைக்கிற பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வருடங்கள் கழித்து உள்ளுக்குள்ளேயே குடல் ஒரு சந்தில் நுழைந்துகொள்ளும், அவர்களுக்கு வலி வந்தால் சாதாரண வலி என்று விடவே கூடாது. எல்லாவற்றுக்கும் சிடிதான் கண்.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டுப் பயப்படவும் வேண்டாம். வேறு காரணத்துக்காக எடுத்த சிடியில் "செருகல்" என்ற வார்த்தை வந்தாலே ஆபரேஷன் என்று இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், கட்டி இல்லாமல், அடைப்பு இல்லாமல், வலியும் இல்லாமல் சிறுகுடலில் தெரிவது பெரும்பாலும் ஒரு கணம் செருகி மறுகணம் விலகுவது, அதை விட்டுவிடலாம். இதையும் அவர்கள்தான் சொன்னார்கள், ஏனென்றால் அக்கா பயந்துபோய் எனக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்டாள். தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர், அதில் 18 சென்டிமீட்டர் போனது ஒன்றுமில்லை. கடைசிப் பகுதியை நிறைய வெட்டியிருந்தால் பி12 வைட்டமின் ஊசி ஆயுள் முழுக்கத் தேவைப்பட்டிருக்கும், அக்காவுக்கு அந்த இடம் தப்பித்தது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. எடையில் நான்கு கிலோ திரும்பிவிட்டது.

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது அக்கா அந்த ஸ்கேன் படத்தைக் கேட்டாள். அதுவரை அவள் பார்த்ததே இல்லை, நாங்கள்தான் பார்த்திருந்தோம். சர்ஜன் திரையில் போட்டு, வட்டத்துக்குள் வட்டத்தை விரலால் காட்டினார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "முறுக்கிப் பிடிக்குதுன்னு சொன்னேனே, இந்த இடத்துலதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அதை ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.